வினாவுக்குள் ஒளிந்து வரும் பொய்நினைவு

நடக்காத ஒன்றை நடந்ததாகவோ, நடந்த ஒன்றை வேறு விதமாக நடந்ததாகவோ ஒருவர் மனமார நம்பி நினைவுகூர்வதை உளவியலார் பொய்நினைவு என்பர். பொய் சொல்பவருக்குத் தாம் சொல்வது பொய் என்று தெரியும். பொய்நினைவு கொண்டவருக்கோ அது தெரியாது என்பதால், அவர் குரலில் தயக்கம் தோன்றுவதில்லை. எஞ்சிய துணுக்குகளைக் கொண்டு மனம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியெழுப்புவதே நினைவு என்பதைக் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார்; வட அமெரிக்கப் பழங்குடிக் கதையொன்றைப் படித்த ஆங்கிலேயர்கள் அதைத் திரும்பச் சொன்னபோது, கனூ என்னும் ஓடம் சாதாரணப் படகாகவும், கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாகவும் அவர்கள் அறியாமலேயே மாறியிருந்தன.

அவ்வாறு கட்டும்போது பிறர் நீட்டிய கல்லும் சுவரில் சேர்ந்துவிடக்கூடும் என்பதை அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாப்டஸ், ஜான் பால்மருடன் இணைந்து 1974இல் நடத்திய சோதனை காட்டியது. கார் விபத்துப் படமொன்றைப் பார்த்தவர்களில் 50 பேரிடம் கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகத்தில் சென்றன என்றும், வேறு 50 பேரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்றும் கேட்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்ற வினாவுக்கு முதல் வகையினரில் 7 பேரும் இரண்டாம் வகையினரில் 16 பேரும் ‘ஆம்’ என்றனர். படத்திலோ உடைந்த கண்ணாடியே இல்லை.

இந்தப் பழைய பலவீனத்தோடு செயற்கை நுண்ணறிவு சேரும்போது என்ன நேரும் என்பதை, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தினர் லாப்டஸுடன் இணைந்து 2024இல் ஆராய்ந்தனர். கடைக் கொள்ளை ஒன்றின் கண்காணிப்புக் கேமராப் பதிவைப் பார்த்த 200 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்: ஒரு குழுவிடம் இடையில் எதுவும் கேட்கப்படவில்லை, இரண்டாம் குழு வினாப்படிவத்தை நிரப்பியது, மூன்றாம் குழுவிடம் முன்கூட்டியே எழுதிவைத்த வினாக்களைச் சாட்பாட் என்னும் உரையாடு நிரல் கேட்டது, நான்காம் குழுவோ, பெருமொழி மாதிரியால் இயங்கும் சாட்பாட்டுடன் உரையாடியது. பெருமொழி மாதிரி என்பது ஏராளமான எழுத்துகளைப் படித்து, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கப் பயின்ற கணினி நிரலாகும்.

வினாக்களுள் சில வேண்டுமென்றே தவறான தகவலைச் சுமந்தவை. கொள்ளையர் நடந்தே வந்திருக்க, அவர்கள் காரிலிருந்து இறங்கிய கடையின் முன்னே கேமரா இருந்ததா என்று கேட்கப்பட்டது. கேமராவைப் பற்றி யோசிப்பவர், வராத காரை வந்ததாக ஒப்புக்கொண்டுவிடுகிறார். அவர் ‘ஆம்’ என்றதும், பெருமொழி மாதிரி அந்தப் பதிலை ஆமோதித்து, விரித்து, உறுதிப்படுத்தியது. எதுவும் கேட்கப்படாத குழுவைவிட இக்குழுவில் மும்மடங்குக்கும் மேலாகப் பொய்நினைவுகள் உருவாயின. வினாப்படிவக் குழுவோடு ஒப்பிட்டால் அது 1.7 மடங்கு. ஒரு வாரம் கழித்தும் அவற்றின் எண்ணிக்கை குறையவில்லை என்பதோடு, அவற்றின் மீது அக்குழுவினர் கொண்டிருந்த உறுதியும் எதுவும் கேட்கப்படாத குழுவினருடையதைவிட மிகுந்தே இருந்தது.

தவறான வினாக்கள், வினா கேட்கப்பட்ட மூன்று குழுக்களுக்கும் பொதுவாயிருக்க, வேறுபாட்டை உண்டாக்கியது பதிலுக்குக் கிடைத்த ஆமோதிப்பே எனலாம். சரியான ஆளைத்தான் அடையாளம் காட்டினீர்கள் என்று சாட்சியிடம் சொல்லும் ஒரு வாக்கியமே, தவறாகக் காட்டியவருக்கும் ‘நன்றாகப் பார்த்தேன்’ என்ற உறுதியைத் தந்துவிடுகிறது என்பதைக் கேரி வெல்ஸ், ஏமி பிராட்ஃபீல்ட் ஆகியோர் 1998இலேயே நிறுவினர். சாட்பாட்டுகளோ, மனிதர்கள் எந்தப் பதிலை விரும்புகிறார்கள் என்ற மதிப்பீட்டைக் கொண்டு பயிற்றுவிக்கப்படுபவை. மறுத்துப் பேசுவதைவிட ஒத்துப் பேசுவது பெரும்பாலும் விரும்பப்படுவதால், பேசுபவருக்கு ஒத்தூதும் இயல்பு அவற்றில் படிந்துவிடுகிறது.

படங்களும் இதற்கு விலக்கல்ல. வெப்பக்காற்றுப் பலூனில் சிறுவயதில் பறந்ததாகக் காட்டும் ஒட்டுப்படத்தைக் கண்டவர்களில் பாதிப் பேர், அந்த நடவாத பயணத்தை ஓரளவேனும் ‘நினைவுகூர்ந்தனர்’ என்று 2002இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அன்று அதற்குத் தேர்ந்த கை வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியே படத்திலிருந்து ஆளை நீக்கும், வானத்தை மாற்றும். எம்.ஐ.டி. குழுவின் மற்றொரு ஆய்வில், செயற்கை நுண்ணறிவு திருத்திய படத்தை அதுவே அசையும் காட்சியாகவும் ஆக்கியபோது, திருத்தாத படத்தைக் கண்டவர்களோடு ஒப்பிட, பொய்நினைவுகள் ஏறத்தாழ இரு மடங்காயின.

விடையைத் தன்னுள்ளேயே தாங்கி வரும் வினாவின் ஆபத்தைச் சட்டம் முன்பே அறிந்திருந்தது. வழக்கறிஞர்கள் ‘லீடிங் கொஸ்டின்’ என்னும் அத்தகைய வினாவை, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், நீதிமன்றத்தின் அனுமதியின்றி, சாட்சியை அழைத்த தரப்பே நடத்தும் முதல் விசாரணையில் கேட்கலாகாது என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமும் அவ்விதியைத் தொடர்கிறது. ஆனால் தனியறையில் கைப்பேசித் திரையோடு உரையாடுபவருக்காக எழுந்து நின்று ஆட்சேபிக்க எதிர்த்தரப்பு எவரும் இல்லை. எனவே, விபத்தையோ குற்றத்தையோ கண்டவர் எந்த இயந்திரத்திடமும் அதைப் பற்றிப் பேசுவதற்கு முன், கண்டதைத் தம் சொற்களில் தாளில் எழுதி, நாளும் நேரமும் குறித்து வைத்துக்கொள்வதே, பின்னர் எது கண்டது, எது கேட்டது என்று பிரித்தறிய அவருக்கு எஞ்சும் வழியாகும்.