வீடு திரும்பிய பின் மீண்டும் மருத்துவமனையா?

மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவர் சபையில் எழுந்து நின்று நன்றி சொல்லும் நாள் எல்லோருக்கும் மகிழ்ச்சியான நாள். ஆனால் அடுத்த மாதமே அவர் காய்ச்சலோடு மறுபடியும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்னும் செய்தி வரும்போது, என்ன சொல்வதென்று அறியாமல் திகைக்கிறோம். சிலர் சொல்லத்தகாததைச் சொல்லியும் விடுகிறார்கள். அறுவை சரியாக நடக்கவில்லை போலும் என்பார் ஒருவர். விசுவாசம் குறைந்துபோயிற்றோ என்பார் மற்றொருவர். பெரும்பாலும் இவ்விரண்டுமே காரணமல்ல. முதல் ஆண்டில் ஒரு முறையோ இரு முறையோ மருத்துவமனைக்குத் திரும்புவது இந்தச் சிகிச்சையில் வழக்கமாய் நேரிடுவதே. இதை முன்னமே அறிந்திருக்கும் குடும்பம் பாதி பயத்திலிருந்து தப்பிக்கொள்ளும்.

நம் நாட்டில் உயிரோடிருக்கும் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து மற்றொருவருக்குப் பொருத்தும் சிகிச்சை முதன்முதல் வெற்றியாக நடந்தது 1971ஆம் ஆண்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். அக்காலத்தைவிட இன்று மருந்துகள் மிகவும் முன்னேறியிருக்கின்றன. ஆயினும் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை. நம் இரத்தத்தின் வெள்ளணுக்கள் அந்நியமான எதையும் எதிரியாகவே பார்க்கும். மனைவி கொடுத்த சிறுநீரகமானாலும், தாய் கொடுத்ததானாலும், அவற்றுக்கு அது அந்நியமே. ஆகையால் அந்த எதிர்ப்புச் சக்தியை மருந்தினால் அடக்கிவைக்கிறார்கள். டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசோலோன் ஆகிய மூன்றுமே இன்று பெரும்பாலோருக்குக் கொடுக்கப்படுகின்றன. அதிகமாய் அடக்கினால் கிருமிகள் உள்ளே நுழையும். குறைவாய் அடக்கினால் உடல் புதிய உறுப்பைத் தள்ளிவிடும். மருத்துவர் ஒவ்வொரு வாரமும் அளவை மாற்றிக்கொண்டேயிருப்பதற்குக் காரணம் இதுவே. அவர் குழம்பிப்போனதாக எண்ண வேண்டாம்.

உடல் உறுப்பைத் தள்ளுவதை நிராகரிப்பு என்கிறார்கள். இந்தச் சொல்லைக் கேட்டவுடன் எல்லாம் முடிந்தது என்று அழுகிறவர்கள் உண்டு. முதல் சில மாதங்களில் வரும் நிராகரிப்பில் பெரும்பகுதி, சீக்கிரம் கண்டுகொண்டால், அடக்கக்கூடியதே. ஊசியினால் சிறுநீரகத்தின் சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கிறார்கள். இதற்குப் பயாப்ஸி என்று பெயர். பிறகு சில மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். சிறுநீரில் சற்று இரத்தம் காணப்படலாம். நிராகரிப்பு உறுதியானால் வழக்கமாக மூன்று நாட்கள் நரம்பின் வழியாக அதிக அளவு ஸ்டீராய்டு ஏற்றுவார்கள். அதற்கும் கட்டுப்படாவிட்டால் வேறு வலுவான மருந்துகள் உண்டு.

இதில் பயங்கரமான சங்கதி என்னவென்றால், நிராகரிப்பு பல வேளைகளில் எந்த வலியும் இல்லாமல் வருகிறது. சிறுநீர் குறைவது, கால் வீங்குவது, எடை திடீரென்று ஏறுவது, இரத்த அழுத்தம் கூடுவது ஆகியவை தென்படலாம், தென்படாமலும் போகலாம். இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவது ஒன்றே அடையாளமாயிருக்கும். ‘நன்றாய்த்தானே இருக்கிறேன், எதற்கு இத்தனை இரத்தப் பரிசோதனை’ என்று தவணையைத் தவறவிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். டாக்ரோலிமஸ் அளவைப் பார்க்கும் நாளில் காலை மாத்திரையை விழுங்காமல் சென்று, இரத்தம் கொடுத்த பின்பே விழுங்க வேண்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தால் கணக்குத் தவறாய் வரும். அளவையும் தவறாய் மாற்ற நேரிடும்.

காய்ச்சலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் நம்மில் அநேகர் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்கிறோம். காய்ச்சல் வந்தால் தெருமுனை மருத்துவரிடம் போய் ஓர் ஊசியும் நான்கு மாத்திரையும் வாங்கிப் பழகியிருக்கிறோம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு இந்தப் பழக்கம் ஆகாது. தொண்டை வலிக்குச் சாதாரணமாய் எழுதித் தரும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்றவை டாக்ரோலிமஸை இரத்தத்தில் அளவுக்கு மீறி ஏற்றிவிடும். அது புதிய சிறுநீரகத்துக்கே நஞ்சாகும். உடல்வலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் இரண்டும் சிறுநீரகத்தை நேராகவே தாக்கும். பேதி வந்தாலும் டாக்ரோலிமஸ் ஏறும். நீர் வற்றிச் சிறுநீரகமும் வாடும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே, இரவானாலும், அறுவை செய்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

காசநோய் இந்தியாவில் இவர்களை விடாமல் தொடரும் ஓர் ஆபத்து. வாரக்கணக்கில் நீடிக்கும் இருமலும், மாலைக் காய்ச்சலும், எடை குறைவும் இருந்தால் மறைக்கக் கூடாது. அரசு மையத்தில் மருந்து இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அதிலுள்ள ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸை வேகமாய் உடலிலிருந்து வெளியேற்றி நிராகரிப்புக்கு வழி திறந்துவிடும். ஆகையால் மாற்றுச் சிறுநீரக மருத்துவர் அறியாமல் காசநோய் மருந்தைத் தொடங்கலாகாது. அளவை உயர்த்துவதா, வேறு மருந்து கொடுப்பதா என்பதை அவரே தீர்மானிப்பார்.

மற்றப் பின்னடைவுகளில் சில உயிருக்கு ஆபத்தில்லாதவை, ஆனால் மனதை வாட்டுபவை. முகம் வட்டமாய் உப்புகிறது, கை நடுங்குகிறது, முடி கொட்டுகிறது. முன்பு சர்க்கரை இல்லாதவருக்கும் மருந்தினால் சர்க்கரை நோய் வருகிறது. கண்ணாடியைப் பார்க்க விரும்பாத சகோதரிகளும், காரணமில்லாமல் எரிந்து விழும் சகோதரர்களும் உண்டு. அந்தக் கோபத்தில் ஒரு பங்கு ஸ்டீராய்டுடையது. வீட்டார் இதை அறிந்தால் பல சண்டைகள் நீங்கும். வேதனை தாங்காமல் அளவைத் தாங்களே குறைப்பதுதான் தவறு. மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி இருக்கிறதா என்று பார்ப்பார்.

மருந்தே கூடாது என்னும் போதனையைக் கேட்டு வளர்ந்தோர் நம்மிடையே உண்டு என்பதால் ஒன்றைத் தெளிவாய்ச் சொல்ல வேண்டும். ‘சுகம் பெற்றேன்’ என்று சொல்லி இந்த மாத்திரைகளை நிறுத்தியவருக்குச் சில வாரங்களிலேயே சிறுநீரகம் நின்றுபோகலாம். எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷ ஆயுசு வாக்களிக்கப்பட்ட பின்பும், அவருடைய பிளவையின் மேல் அத்திப்பழத்தை வைக்கச் சொன்ன ஏசாயாவை நாம் மறந்துவிடலாகாது. உபவாச நாட்களிலும் மாத்திரை அதன் நேரத்தில் தண்ணீரோடு உள்ளே போகவேண்டும். தண்ணீரையும் விலக்கும் உபவாசம் இவர்களுக்கு வேண்டாம். நோயாளியைச் சந்திக்கப் போகும் சபையார் இருவர் இருவராய்ப் போகட்டும், கைகளைக் கழுவிக்கொள்ளட்டும், சளி பிடித்தவர் வீட்டிலிருந்தே ஜெபிக்கட்டும். அன்பின் விருந்தில் வெட்டி வைத்த பழத்தையும் பச்சைக் காய்களையும் அவருக்குப் பரிமாறாதிருங்கள். பம்பளிமாஸ் பழம் மருந்தின் அளவைக் கூட்டிவிடும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

இந்தியாவில் உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள். பெறுவோரில் பெரும்பாலோர் ஆண்கள். இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். கிரியேட்டினின் ஏறிய நாளில் எல்லோரும் கணவனையே விசாரிக்கிறார்கள். கொடுத்த மனைவி ஒரு மூலையில் நின்று, தன் உறுப்பே தோற்றுப்போனதாக எண்ணிக் கலங்குகிறாள். அவளோடும் யாராவது உட்கார்ந்து பேசுங்கள். ஆண்டுக்கொருமுறை அவளுக்கும் இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது விட்டுப்போகிறது. 1954இல் அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்த முதல் வெற்றிகரமான மாற்று அறுவையில், பெற்றுக்கொண்ட ரிச்சர்ட் ஹெரிக் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்த இரட்டைச் சகோதரர் ரொனால்டு 2010வரை உயிரோடிருந்தார்.

ஒருவேளை சிறுநீரகம் நின்றேபோனால் என்ன? மறுபடியும் டயாலிசிஸுக்குத் திரும்பலாம். ஏழைகளுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் இலவச டயாலிசிஸ் கொடுக்கும் மத்திய அரசின் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டது. இரண்டாவது மாற்று அறுவையும் பலருக்கு நடந்திருக்கிறது. அப்போதும் பழைய மருந்துகளைத் தானாக நிறுத்தாமல் மருத்துவர் சொல்லும் வேகத்திலேயே குறைக்க வேண்டும்.

பணம் இல்லாமல் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குவோர் உண்டு. வெட்கத்தினால் வெளியே சொல்வதில்லை. நெடுநாள் நன்றாயிருந்தவர்களுக்கும் திடீரென்று நிராகரிப்பு வர இது ஒரு பெரிய காரணம். அறுவைக்குக் காணிக்கை சேர்த்த சபை மூன்றாம் ஆண்டின் மாத்திரைக்கும் சேர்க்கலாமே. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டால் விலை குறைந்த மருந்துக்கும் உதவி நிதிக்கும் வழி சொல்வார். ஆனால் மருந்துக்கடைக்காரர் தரும் வேறு கம்பெனி மருந்துக்கு மருத்துவரைக் கேளாமல் மாறக் கூடாது.

விடுமுறைக்குத் திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ புறப்படும்போது, தங்கும் நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்கான மாத்திரையைக் கூடுதலாய் எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பெட்டிக்குள் பூட்டாமல், மருந்துச் சீட்டோடும் மருத்துவமனையின் தொலைபேசி எண்ணோடும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.