உங்களுக்குத் தெரியுமா? மீன் தின்னாத பறவையிலும் பாதரசம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், வேன்ஸ்பரோ நகரின் வழியே ஓடும் சவுத் ஆற்றில், 1929 முதல் 1950 வரை இழை ஆலையொன்று வினையூக்கியாக, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் பொருளாகப் பயன்படுத்திய பாதரசம் கசிந்து கலந்தது. ஆக்சிஜன் குன்றிய சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதனை, உயிர்களின் உடலில் எளிதில் புகுந்து தங்கிவிடும் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இந்நஞ்சு பெரும்பாலும் மீனுண்ணும் பறவைகளுக்கே சேரும் என்று நெடுங்காலம் கருதப்பட்டிருக்க, கரையோரக் காட்டில் பூச்சி பொறுக்கித் திரியும் சிறு பாடும் பறவைகளின் இரத்தத்திலும் அது மிகுந்திருப்பதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனைப் பறவைகளுக்குப் பெருமளவில் கொண்டு சேர்ப்பது, வியப்புக்குரிய வகையில், சிலந்தியே. பூச்சிகளையும் பிற சிலந்திகளையும் வேட்டையாடி உண்பதால், இரைதோறும் இருந்த சிற்றளவு நஞ்சு அதன் உடலில் திரள்கிறது. உணவு வலையில் படிக்குப் படி செறிவு கூடும் இந்நிகழ்வு ‘உயிரியல் உருப்பெருக்கம்’ எனப்படும். அங்குள்ள கரோலினா ரென் குருவிகளில், இரத்தத்தில் பாதரசம் கூடக் கூடக் குஞ்சுகளை வெற்றியுடன் வளர்த்தெடுக்கும் கூடுகள் குறைந்தன என்பதோடு, மாசுற்ற இடத்து ஆண் குருவிகளின் பாடலும் எளிமையாகச் சுருங்கியிருந்தது என்பது வேதனைக்குரியது. ஆலை பாதரசத்தைக் கைவிட்டு எழுபது ஆண்டுகள் கடந்தும் அந்த ஆறு இன்னும் தூய்மையடையவில்லை.