கலவைக்கு மேலே ஒரு வேலைத்தலம்

அந்தி சாய்ந்த பின்போ விடியலுக்கு முன்போ, சிமிட்டாமல் மேற்கிலிருந்து கிழக்கே நகரும் வெண்புள்ளி ஒன்றைச் சில நாட்களில் ராணிப்பேட்டை மாவட்டத்துக் கலவையிலிருந்தும் பார்க்கலாம். அதுதான் பன்னாட்டு விண்வெளி நிலையம். சுமார் 400 கி.மீ. உயரத்தில், ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது.

அங்கே தங்கிய முதல் இந்தியர் சுபான்ஷு சுக்லா. 2025 ஜூன் 26 அன்று உள்ளே நுழைந்தவர், ஜூலை 14 அன்று புறப்பட்டார். இடையே வெந்தயமும் பச்சைப்பயறும் முளைக்க வைத்தார். எடையற்ற நிலையில் தசை ஏன் மெலிகிறது என்று ஆராய்ந்தார்.

அன்றாடம்
ஒரு நாளில் 16 முறை சூரியன் உதிப்பதால், வேலையும் உறக்கமும் கிரீன்விச் நேரப்படி நடக்கின்றன. அங்கே காலை 6 மணி என்றால் நமக்குப் பகல் 11.30. பல மாதம் தங்குவோர், எலும்பும் தசையும் நலியாதிருக்க, தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். உறங்குவது சுவரோடு கட்டிய பைக்குள்.

தண்ணீர்
வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாமே சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகின்றன. 98 விழுக்காடு வரை நீர் மீட்கப்படுகிறது. நம் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி தொழிலுக்கே தரும் நிலையங்கள் உள்ளன. பாலாற்றைக் காக்க நமக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.