தட்டில் மங்கலம், வாயில் ஆபத்து!

கலியாணம் பேசி முடித்தால் வெற்றிலை பாக்கு மாற்றுகிறோம். வீட்டுக்கு வந்த பெண்களுக்கு மஞ்சள் குங்குமத்தோடு பாக்கும் கொடுக்கிறோம். பாக்கு இல்லாத நல்ல காரியம் நம் நாட்டில் அபூர்வம்!

இந்தப் பாக்கைத் தரும் மரம்தான் கமுகு.

ஒல்லி மரம்

கமுகு, தென்னைக்கும் பனைக்கும் உறவு. ஆனால் உடம்பு மெலிந்தது. 50 அடிக்கு மேலும் வளரும். கிளை கிடையாது. உச்சியில் மட்டும் ஓலை இருக்கும். நட்ட 5 முதல் 7 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்.

உலகத்திலேயே அதிகமாகப் பாக்கு விளைவது இந்தியாவில்தான். அதிலும் கர்நாடகத்துக்கே முதல் இடம். தமிழ்நாட்டில் சேலம், கோவை, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் கமுகந்தோப்புகள் உண்டு.

காய் பறிப்பது லேசான வேலை அல்ல. காலில் தளை மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். மரமோ காற்றில் ஆடும். கைதேர்ந்த ஆள் கீழே இறங்காமலே, மரத்தை வளைத்து ஆட்டி அடுத்த மரத்துக்குத் தாவிவிடுவார்!

மழைக் காலத்தில் காய் அழுகல் நோய் வரும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தைத் தெளித்துக் காயைக் காப்பாற்றுகிறார்கள்.

எதுவும் வீண் இல்லை

உதிர்ந்த மட்டையைத் தண்ணீரில் நனைத்து, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் சாப்பாட்டுத் தட்டு தயார். தண்டு பந்தல் காலாகிறது. ஓலை தோப்புக்கே எருவாகிறது. காயின் மேல் மட்டை அடுப்பெரிக்க உதவுகிறது.

இத்தனை நன்மை தரும் மரத்தில் ஆபத்து எங்கே இருக்கிறது? நாம் மெல்லும் கொட்டையில்தான் இருக்கிறது!

வெறும் பாக்கும் கெடுதல்

"புகையிலை போட்டால்தானே கெடுதல்? வெறும் பாக்கு என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் பலர்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் இதற்குப் பதில் சொன்னது. புகையிலை கலக்காத வெறும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அது அறிவித்தது.

பாக்கில் 'அரிகோலின்' என்ற பொருள் இருக்கிறது. அது சுறுசுறுப்புத் தருவதுபோல் தோன்றும், பிறகு பழக்கமாகிவிடும். நாளாக நாளாகக் கன்னத்தின் உள்தோல் நார்போல் விறைக்கும். காரம் பட்டால் எரியும். வாய் முழுதாகத் திறக்காது. ஒரு கவளம் சோறு வைப்பதுகூடக் கஷ்டமாகிவிடும். விறைத்த தோல் பழையபடி ஆவது அரிது. சிலருக்கு அதில் புற்றுநோயும் வருகிறது.

பொட்டலத்தில் வரும் பாக்கில் இனிப்பும் வாசனையும் சேர்க்கிறார்கள். சிறுவர்கள் இதை மிட்டாய்போல் வாங்கிப் பழகிவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

உணவுப் பொருளில் புகையிலை சேர்க்கக் கூடாது என்று 2011-ல் மத்திய அரசு விதி செய்தது. அந்த விதியைக் கொண்டு தமிழ்நாடு அரசு 2013-ல் குட்காவுக்குத் தடை போட்டது.

ஆனால் வெறும் பாக்கை விற்கத் தடை இல்லை. 'பாக்கு மெல்லுவது உடல்நலத்துக்குக் கேடு' என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பதே விதி.

பாக்கை நம்பிப் பிழைக்கும் விவசாயிகள் ஏராளம். வெளிநாட்டு மலிவுப் பாக்கு வந்து குவிந்தால் அவர்கள் கதி என்ன ஆகும்? அதனால்தான், கிலோ 351 ரூபாய்க்குக் குறைந்த விலையில் பாக்கை இறக்குமதி செய்யக் கூடாது என்று 2023-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது.

ஆக, மரத்தைச் சட்டம் காப்பாற்றும். வாயை நாம்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்று விரல் சோதனை

உங்கள் வீட்டில் பாக்குப் போடுகிறவர் இருக்கிறாரா? வாயைத் திறந்து, மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல்கள் நுழையாவிட்டாலும், வாயில் வெள்ளைத் திட்டு இருந்தாலும், இரண்டு வாரமாகியும் புண் ஆறாவிட்டாலும் தாமதிக்க வேண்டாம். பாக்கை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தாம்பூலத் தட்டில் பாக்கு இருக்கட்டும். குழந்தைகள் கைக்கு மட்டும் அது போக வேண்டாம்!