பாலையில் விளையும் உப்பு

செர்காம் போன்ற கடலோர ஊர்களில் வாழ்வோர்க்கு உப்புநீர் என்றவுடன் கடலே நினைவுக்கு வரும். பழந்தமிழரும் உப்பை நெய்தல் நிலத்துப் பொருளாகவே கண்டனர். உமணர் அதனை வண்டியேற்றி உள்நாட்டில் விற்றனர் என்பதைச் சங்க நூல்களால் அறிகிறோம். ஆயின், கடலுக்கு நெடுந்தொலைவில், வறண்ட நிலத்திலும் உப்பு விளைவதுண்டு. இந்தியாவில் இராசத்தான் மாநிலத்துச் சாம்பர் ஏரி இதற்குத் தக்க சான்றாகும்.

ஜெய்ப்பூருக்குத் தென்மேற்கே உள்ள இவ்வேரி, இந்தியாவின் உள்நாட்டு உப்பேரிகளுள் மிகப் பெரியது. மழைக்கேற்ப இதன் பரப்பு 190 முதல் 230 சதுர கிலோமீட்டர் வரை மாறும். மெந்தா, ரூபன்கர் முதலிய ஆறுகள் மழைக்காலத்தில் மட்டுமே ஓடி இதில் கலக்கின்றன. மழை ஓய்ந்தபின் சில இடங்களில் 3 மீட்டர் ஆழம் நிற்கும் நீர், கோடையில் முழங்காலளவுக்குச் சுருங்கிவிடும். பெரும்பகுதி வெண்ணிற உப்புப் படலமாகக் காட்சி தரும்.

இவ்வுப்பு எங்கிருந்து வந்தது? கட்ச் உவர்நிலத்திலிருந்து கோடைக் காற்று உப்புத் தூசியை அள்ளி வருகிறது என்று ஹாலந்து, கிறிஸ்டி என்னும் நிலநூலார் இருவர் 1909ஆம் ஆண்டில் எழுதினர். பின்வந்தோர் பலர், சுற்றுப்புறப் பாறைகள் சிதைந்து கரைவதே முதன்மைக் காரணம் என்பர். எவ்வாறாயினும், ஏரிக்கு நீர்வரத்து உண்டு; வடிகால் இல்லை. நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. ஆண்டுதோறும் இது தொடர்வதால் உவர்ப்பு மிகுகிறது.

1870 அளவில் ஆங்கில அரசு ஜெய்ப்பூர், ஜோத்பூர் அரசர்களிடம் ஏரியைக் குத்தகைக்குப் பெற்றது. பின்னர்க் கட்டப்பட்ட அணை ஒன்று ஏரியை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்குப் பகுதியில் உப்பளங்கள் அமைந்துள்ளன.

உவர்நீரிலும் உயிர்கள் உண்டு. அங்கு வளரும் நுண்பாசிகளை உண்ணப் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. அவற்றின் இளஞ்சிவப்பு நிறமும் அவ்வுணவால் அமைவதே. 1990ஆம் ஆண்டில் இவ்வேரி ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சிறப்புமிக்க ஈரநிலமாக ஏற்கப்பட்டது. எனினும், 2019 நவம்பரில் பல்லாயிரம் பறவைகள் இங்கு மடிந்தன. ஒருவகை நுண்ணுயிரின் நஞ்சால் விளையும் பொட்டுலிசம் என்னும் நோயே காரணம் என ஆய்வில் தெரிந்தது.

ஏரிக்கு வேறோர் இடரும் உண்டு. ஆறுகளின் குறுக்கே தடுப்பணைகள் எழுந்ததாலும், சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதாலும் நீர்வரத்துக் குறைந்துவிட்டது. உழவர்க்கும் நீர் வேண்டும். உப்பளத்தார்க்கும் உவர்நீர் வேண்டும். பறவைகட்கும் ஏரி வேண்டும். வற்றிக் கிடக்கும் காலத்தில் இதனைப் பாழ்நிலம் என்று கருதி வாய்க்கால்களை அடைத்துவிட்டால், மழை பெய்தாலும் ஏரி நிறையாது.