சிமுலேட்டர்ல ஓட்டுன நேரம் லாக்புக்ல எங்க போகும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் ஒரு நேயர் கேள்வி. கேட்டவர் திருவண்ணாமலைக்காரர். கிரிவலம் போற திருவண்ணாமலை இல்லைங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல, குன்று மேல சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கே, அந்தத் திருவண்ணாமலை. அவரோட தங்கச்சி பைலட் ட்ரெய்னிங்ல இருக்காங்க. கேள்வி இதுதான்: "சிமுலேட்டர்ல உக்காந்த நேரத்தை லாக்புக்ல எப்படி எழுதணும் ப்ரோ? மொத்தப் பறப்பு நேரத்துல கூட்டிக்கலாமா?"

ஒரே வரியில பதில்: எழுதணும், ஆனா பறந்த நேரத்தோட கலக்கக் கூடாது. ஏன்னு பார்ப்போம்.

மூணு பேரு, மூணு கணக்கு

கோடு எழுதுறவங்களுக்குத் தெரியும், ரெண்டு வேரியபிளுக்கு கிட்டத்தட்ட ஒரே பேரு வச்சா என்ன ஆகும்னு. இங்கேயும் அதே குழப்பம்தான்.

முதல்ல பறப்பு நேரம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐகாவோ, இதைத் தெளிவா வரையறுத்திருக்கு. மேலே கிளம்புறதுக்காக விமானம் முதல் தடவை நகர ஆரம்பிச்சதுல இருந்து, பயணம் முடிஞ்சு கடைசியா நிக்கிற வரைக்கும். ரன்வேக்கு உருண்டு போற நேரமும் இதுல அடக்கம். சிமுலேட்டர் எவ்வளவுதான் ஆடினாலும் குலுங்கினாலும் கட்டடத்தை விட்டு வெளிய வராது. அதனால அது பறப்பு நேரம் ஆகாது.

ரெண்டாவது, விமானத்துல இருந்துக்கிட்டே கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுற நேரம். மேகத்துக்குள்ள போனா வெளிய ஒண்ணும் தெரியாது, கருவிதான் கண்ணு. பயிற்சியில மேகத்துக்காகக் காத்திருக்க முடியாதில்லையா? அதனால வெளிய தெரியாதபடி மாணவர் நெத்தியில ஒரு மறைப்பு மாட்டுவாங்க, அதுக்குப் பேரு ஹூட். பக்கத்துல பயிற்சியாளர் வெளிய பார்த்துக்கிட்டே இருப்பார். இதை 'சிமுலேட்டட்' கருவிப் பறப்புன்னு சொல்வாங்க. இங்கதான் பலர் வழுக்குறாங்க. 'சிமுலேட்டட்'னா சிமுலேட்டர் இல்லை. விமானம் நிஜமாவே வானத்துல இருக்கு. அதனால இது பறப்பு நேரத்துலயும் வரும், கருவி நேரத்துலயும் வரும்.

மூணாவது, தரையில, அங்கீகாரம் பெற்ற சிமுலேட்டர்ல கருவிப் பயிற்சி எடுத்த நேரம். இது கருவி நேரத்துல சேரும். பறப்பு நேரத்துல சேராது.

ஏன் கருவிக்கு மட்டும்?

இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. 1929ல எட்வின் லிங்க்ங்கிற அமெரிக்கர் ஒரு பயிற்சி சிமுலேட்டரை உருவாக்கினார். அவங்க குடும்பத்துக்கு ஆர்கன் வாத்தியம் செய்யற தொழிற்சாலை. அந்தத் துருத்தியையும் காத்து பம்பையும் வச்சே, சாயுற திரும்புற ஒரு பெட்டியைச் செஞ்சிட்டார். ஆரம்பத்துல ராணுவம் பெருசா கண்டுக்கலை. 1934ல விமானத் தபால் வேலையை அமெரிக்க ராணுவம் ஏத்துக்கிட்டப்போ, மோசமான வானிலையில சில வாரத்துக்குள்ளயே பல பைலட்டுகள் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம்தான் லிங்க் பெட்டியை வாங்கினாங்க.

கண்ணு தெரியாத நேரத்துல கருவியை நம்பக் கத்துக்கொடுக்கத்தான் சிமுலேட்டர் வளர்ந்துச்சு. அந்த வேலையில அது கில்லாடி. ஆனா நிஜக் காத்து, நிஜ பயம், 'ரீசெட்' பட்டன் இல்லாத வானம், இதெல்லாம் அங்க கிடைக்காது. லாக்புக்கின் கட்டங்கள் அந்த வித்தியாசத்தைத்தான் சொல்லுது.

கூட்டிப் பார்ப்போம்

இந்தியாவுல லைசென்ஸ் தர்றது டிஜிசிஏ. 1937ஆம் வருஷ விமான விதிகள்படி, கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரப் பறப்பு வேணும். அதோட 10 மணி நேரக் கருவி நேரம் வேணும். அதுல சிமுலேட்டர் கணக்கு அதிகபட்சம் 5. கருவிப் பறப்புத் தகுதிக்கு, அதாவது இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு, 40 மணி நேரக் கருவி நேரம். அதுல சிமுலேட்டர் அதிகபட்சம் 20.

இப்ப ஒரு கற்பனை மாணவி. ஹூட் மாட்டி 4 மணி நேரம், சிமுலேட்டர்ல 25 மணி நேரம். மொத்தம் 29. "10தானே கேட்டாங்க, என்கிட்ட 29 இருக்கே"ன்னு தோணும். ஆனா லைசென்ஸ் கணக்குல 4 கூட்டல் 5, வெறும் 9தான். ஒரு மணி நேரம் குறையுது! ரேட்டிங் கணக்குல 4 கூட்டல் 20, அதாவது 24. இன்னும் 16 மணி நேரம் வானத்துல ஓட்டணும்.

கவனிங்க, லாக்புக்ல 25ன்னு எழுதினது தப்பே இல்லை. நடந்தது 25தான். எழுதுறது வேற, விதி ஏத்துக்கிறது வேற. உச்சவரம்பு நாட்டுக்கு நாடு, லைசென்ஸுக்கு லைசென்ஸ் மாறும். நடந்ததை அப்படியே தனித்தனியா எழுதி வச்சிருந்தா, எந்த விதிக்கும் அப்புறமா கணக்குப் போட்டுக்கலாம். முன்னாடியே கலந்துட்டா பிரிக்கவே முடியாது.

ஒரு பதிவுல என்னென்ன வேணும்?

தேதி. சிமுலேட்டரோட வகை, தரம், அடையாள எண். பயிற்சி மையத்தோட பேரு. உள்ள உக்காந்து ஓட்டுன நேரம் மட்டும். வகுப்புல பேசின நேரம் வேண்டாம். என்ன பயிற்சின்னு குறிப்பு: ஐஎல்எஸ் இறக்கம், எஞ்சின் செயலிழப்பு, இப்படி. பயிற்சியாளர் பேரு, லைசென்ஸ் எண், கையெழுத்து.

எது வேண்டாம்? சிமுலேட்டர்ல மதுரையில கிளம்பி, வலப்பக்கம் ராஜபாளையம் விளக்கெல்லாம் பார்த்துக்கிட்டே, ராத்திரி திருவனந்தபுரத்துல இறங்கினீங்கன்னு வைங்க. அது இரவுப் பறப்பும் இல்லை, ஊர்விட்டு ஊர் போன பறப்பும் இல்லை. தனியா ஓட்டியிருந்தாலும் 'கமாண்டர்' நேரம் இல்லை. அந்தக் கட்டமெல்லாம் காலியாவே இருக்கட்டும். வீட்டு கம்ப்யூட்டர்ல விளையாடுற ஃப்ளைட் சிமுலேட்டர்? பழகிக்க நல்லது. லாக்புக்ல அதுக்கு இடமில்லை.

விதிப்படி லாக்புக்கை மையிலதான் எழுதணும். கடைசிப் பதிவுக்கு அப்புறம் குறைஞ்சது 5 வருஷம் பத்திரமா வைக்கணும். தப்பா எழுதிட்டா வெள்ளை பூசாதீங்க. ஒரு கோடு போட்டு அடிச்சு, சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. டிஜிசிஏவோட இஜிசிஏ தளத்துல ஏத்துறப்பவும் ரெண்டும் ஒத்துப்போகணும்.

இவ்வளவு கறார் எதுக்கு?

2011 ஜனவரியில கோவாவுல ஒரு பயணிகள் விமானம், முன் சக்கரம் முதல்ல தரையில படுற மாதிரி இறங்குச்சு. விசாரணையில, பைலட் லைசென்ஸுக்குக் கொடுத்த மதிப்பெண் பட்டியலே போலின்னு தெரிஞ்சது. அதைத் தொடர்ந்து நாடு முழுக்க பைலட்டுகளோட ஆவணங்களைச் சரிபார்த்தாங்க. பறக்காத நேரத்தைப் பறந்ததா காட்டின புகார்ல ஜெய்ப்பூர்ல ஒரு பறப்புப் பள்ளி மேலயும் ராஜஸ்தான் லஞ்ச ஒழிப்புத் துறை விசாரணை நடத்துச்சு.

உங்க லாக்புக் தனியா இல்லை. விமானத்தோட பயணப் பதிவு, பள்ளியோட பதிவேடு, சிமுலேட்டர் மையத்தோட பதிவு, எல்லாம் அதே நேரத்தைச் சொல்லணும். தெரியாம கலந்து எழுதினதும் தெரிஞ்சே கூட்டி எழுதினதும் சரிபார்க்கிறவர் கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும். நிலத்தை வித்து, கடன் வாங்கிப் படிக்க வைக்கிற வீட்டுக்கு அது பெரிய அடி.

அதனால அண்ணனுக்கு ஒரு வேலை. தங்கச்சிகிட்ட லாக்புக்கை எடுக்கச் சொல்லி, ஹூட் நேரம், சிமுலேட்டர் நேரம், பறந்த நேரம் மூணையும் இன்னைக்கே தனித்தனியா கூட்டிப் பாருங்க. விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி டிஜிசிஏவோட அப்போதைய விதியையும் ஒரு தடவை படிச்சிருங்க. குறையறது இப்பவே தெரிஞ்சா ஓட்டி முடிச்சிடலாம்.

தங்கச்சிக்கு நம்ம எல்லார் சார்பாவும் வாழ்த்துகள். அடுத்த வாரம் இன்னொரு கேள்வியோட சந்திப்போம்.