படித்த பாடசாலைக்கு ஒரு பங்கு: வஸிய்யத் எழுதுமுன் கவனிக்க வேண்டியவை

யட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல போன்ற ஊர்களில் கடை, இறப்பர்க் காணி என்று கஷ்டப்பட்டுச் சொத்துச் சேர்த்த நமது வியாபாரிகள் பலருக்கு ஓர் ஆசை உண்டு. 'என்னை ஆளாக்கிய பாடசாலைக்கு என் காலத்துக்குப் பிறகு ஏதாவது போய்ச் சேர வேண்டும்' என்பதே அது. கல்விக்குச் செய்யும் உதவி ஸதகதுல் ஜாரியா. ஆனால் பிள்ளைகளிடம் வாயால் சொல்லி வைப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். பாகப்பிரிவினை நாளில் அந்த வார்த்தையை ஒருவர் கேட்டேன் என்பார், மற்றவர் கேட்கவில்லை என்பார். பாடசாலைக்கும் ஒன்றும் கிடைக்காது, குடும்பத்திலும் பிளவு வரும்.

மூன்றிலொரு பங்கே எல்லை

ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்கள் நோயுற்றிருந்தபோது தமது செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்ய அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்து, மூன்றிலொரு பங்குக்கே இடமளித்து, அதுவும் அதிகமே என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதை விட வசதியாக விட்டுச் செல்வது மேல் என்பதே காரணம்.

கணக்கு இப்படித்தான். ஒருவரின் கடை, காணி, கைப்பணம் எல்லாம் சேர்த்து 120 இலட்சம் ரூபா என்போம். ஜனாஸாச் செலவு, மொத்த வியாபாரிக்குரிய பாக்கி, கொடுபடாத மஹர், ஸகாத் ஆகியவற்றுக்கு 30 இலட்சம் போனால் மிச்சம் 90 இலட்சம். வஸிய்யத்தின் உச்ச அளவு 30 இலட்சம். 120இல் மூன்றிலொன்று என்று 40 இலட்சம் எழுதுவது தவறு. எல்லையை மீறும் தொகை, மரணத்தின் பின் வாரிசுகள் சம்மதித்தாலே செல்லும்.

நாட்டுச் சட்டம்

வஸிய்யத் எழுதாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்து 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி பங்கிடப்படும். அதில் பாடசாலைக்கு இடமில்லை. எழுதுபவருக்கோ 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் முழுச் சுதந்திரம் தருகிறது. மூன்றிலொரு பங்கு என்ற வரம்பு அதில் கிடையாது. ஆகவே அந்த எல்லையை நாமே கவனித்து எழுதுவிக்க வேண்டும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, எழுதுபவர் ஒரு நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிட வேண்டும். நொத்தாரிசு இல்லையேல் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். பயன்பெறுவோரைச் சாட்சியாக்காதிருப்பது நல்லது. நம்பிக்கையான ஒருவரை நிறைவேற்றுநராகப் பெயர் குறிப்பிடுங்கள்.

யார் கையில் கொடுப்பது?

பலர் தவறும் இடம் இதுதான். 'எனது பாடசாலைக்கு' என்று மட்டும் எழுதினால் போதாது. அரசாங்கப் பாடசாலை தேசிய பாடசாலையா, மாகாண சபைக்குரியதா என்பதைப் பொறுத்துப் பொறுப்பதிகாரிகள் வேறுபடுவர். பழைய மாணவர் சங்கத்துக்கு என்றால் அதற்கு யாப்பு, பதிவு, வங்கிக் கணக்கு உண்டா என்று பாருங்கள். பாடசாலையின் முழுப்பெயர், நோக்கம் (புலமைப்பரிசில், நூலகம், வகுப்பறை), பாடசாலை மூடப்பட்டால் பணம் எங்கே போக வேண்டும் என்பவற்றையும் எழுதுங்கள்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. முன்னாள் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல, படைவீரர்களின் கல்விக்கென இரத்மலானையிலிருந்த தமது கந்தவல தோட்டத்தை அரசுக்கு அளித்தார். பெறுபவர் யார், எதற்காக என்பது தெளிவாக இருந்தது. 1981ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் அங்கு பாதுகாப்புக் கல்விக்கழகத்தை அமைத்தது. இன்று அது பல்கலைக்கழகம். நமது சமூகத்திலும் 1892இல் ஆரம்பமான கொழும்பு ஸாஹிராவுக்குத் தூணாக நின்றவர் வாப்பிச்சி மரிக்கார்.

உயிருடன் இருக்கும்போதே

முடிந்தவர்கள் இப்போதே நன்கொடை உறுதி மூலமோ வக்பு செய்தோ கொடுக்கலாம். வக்பு 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும். சுகதேகியாக இருக்கும்போது கொடுப்பதற்கு மூன்றிலொரு பங்கு எல்லை இல்லை. மரண நோயில் கொடுத்தாலோ அது வஸிய்யத்தாகவே கணிக்கப்படும்.

எதைச் செய்தாலும் முதலில் கடன் பட்டியலை எழுதுங்கள், மனைவி மக்களிடம் பேசுங்கள், ஓர் ஆலிமையும் ஒரு சட்டத்தரணியையும் கலந்து கொள்ளுங்கள். குடும்பம் அறிந்து எழுதிய வஸிய்யத்தே தகராறின்றிப் பாடசாலையைச் சென்றடையும்.